பெயர் நகர்ந்தது, கோப்பு நகரவில்லை: 2018 அக்டோபர் விண்டோஸ் புதுப்பிப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

2018 அக்டோபர் 2ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, விண்டோஸ் 10இன் 1809ஆம் பதிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. எல்லாக் கணினிகளுக்கும் அது உடனே தானாகப் போய்ச் சேரவில்லை. செட்டிங்ஸ் பகுதியைத் திறந்து, புதியது வந்திருக்கிறதா என்று தாமாகத் தேடியவர்களுக்கே முதலில் கிடைத்தது. நிறுவி முடித்துக் கணினி மறுபடி எழுந்தபோது, அவர்களில் சிலருடைய கோப்புகள் காணாமல் போயிருந்தன. ஆவணங்களும் படங்களும் கோப்புறையோடு சேர்ந்து அழிந்திருந்தன. ரீசைக்கிள் பின்னைத் திறந்து பார்த்தாலும் அங்கே எதுவும் இல்லை.

அந்த வாரம் முடிவதற்குள் வெளியீடு நிறுத்திவைக்கப்பட்டது. கூடவே வெளிவந்த விண்டோஸ் சர்வர் 2019உம் நின்றது. அக்டோபர் 9ஆம் தேதி காரணத்தை விளக்கி மைக்ரோசாஃப்ட் அறிக்கை தந்தது. 1809 பதிப்பு மீண்டும் பொதுமக்களுக்கு வந்தது நவம்பர் 13ஆம் தேதிதான்.

மென்பொருள் உலகில் பிழைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் இந்த ஒன்றைத் தனியாக எடுத்து எழுதத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. இதில் வைரஸ் இல்லை. வன்தட்டு பழுதாகவில்லை. கோப்பை அழிக்கும் பொத்தானை யாரும் தவறுதலாக அழுத்தவும் இல்லை. கோப்புறை என்றால் நாம் ஒன்றை நினைக்கிறோம், கணினி வேறொன்றை நினைக்கிறது. அந்த இரண்டு நினைப்புக்கும் நடுவே அகப்பட்டுத்தான் அந்தக் கோப்புகள் அழிந்தன. அதே இடைவெளி இன்றும் நம் வீட்டுக் கணினிகளில் இருக்கிறது.

திரையில் ஒன்று, வட்டில் ஒன்று

1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த டாஸ் என்ற இயங்குதளத்தின் முதல் பதிப்பில் கோப்புறை என்பதே கிடையாது. 160 கிலோபைட் கொள்ளும் நெகிழ்வட்டில் அதிகம் போனால் 64 கோப்புகளின் பெயர்களுக்கு இடம் இருந்தது. எல்லாம் ஒரே பட்டியல். 1983இல் 10 மெகாபைட் வன்தட்டோடு பிசி எக்ஸ்டி வந்தபோது அந்த ஒற்றைப் பட்டியல் தாங்கவில்லை. டாஸ் 2.0 கோப்புறைக்குள் கோப்புறை வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. மல்டிக்ஸ் என்ற பெரிய கணினி அமைப்பை வடிவமைத்தவர்கள் 1965லேயே வகுத்துவைத்த முறை, யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழியாக டாஸுக்கு வந்து சேர்ந்தது.

1984இல் வந்த முதல் மெக்கின்டாஷ் இன்னும் சுவையானது. திரையில் அழகான கோப்புறைப் படங்கள் தெரிந்தன. அவற்றுக்குள் கோப்பை இழுத்துப் போடலாம், வெளியே எடுக்கலாம். வட்டிலோ அப்படி எதுவும் இல்லை. அங்கே எல்லாக் கோப்புகளும் ஒரே பட்டியலில்தான் கிடந்தன. எந்தக் கோப்பு எந்தப் படத்துக்குள் தெரிய வேண்டும் என்பதை ஃபைண்டர் என்ற நிரல் மட்டும் குறித்துவைத்துக்கொண்டு காட்டியது. வட்டிலேயே உண்மையான கோப்புறைகள் 1985இல் எச்எஃப்எஸ் என்ற அடுத்த கோப்பு முறையோடுதான் வந்தன. திரையில் காண்பதும் வட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது, ஆக, அன்றைக்கே தொடங்கிய விஷயம்.

விண்டோஸில் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் ஆகியவை அப்படிப்பட்டவைதான். இவற்றை ‘அறியப்பட்ட கோப்புறைகள்’ என்று மைக்ரோசாஃப்ட் தனியாக வகைப்படுத்துகிறது. விஸ்டா என்ற விண்டோஸ் பதிப்பில் தொடங்கி, இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. வேர்டு போன்ற ஒரு நிரல் கோப்பைச் சேமிக்கப் போகும்போது, ‘இந்தப் பயனரின் டாக்குமென்ட்ஸ் எங்கே இருக்கிறது?’ என்று விண்டோஸிடம் கேட்க வேண்டும். விண்டோஸ் அப்போதைய முகவரியைச் சொல்லும். வழக்கமாக அது ‘சி:\யூசர்ஸ்\பயனர்பெயர்\டாக்குமென்ட்ஸ்’. பயனர் விரும்பினால் அதை ‘டி:\டாக்குமென்ட்ஸ்’ என்று மாற்றலாம். நாம் தினமும் சொடுக்கித் திறக்கும் டாக்குமென்ட்ஸ் ஓர் இடம் அல்ல. ஓர் இடத்தைச் சுட்டும் பெயர். நாளைக்கே அது வேறோர் இடத்தைச் சுட்டலாம்.

எல்லா நிரல்களும் இப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டால் சிக்கல் குறைவு. கேட்காமலே முகவரியை நிரலுக்குள் எழுதிவைத்த பழைய நிரல்கள் நிறைய உண்டு. அதற்கு முந்தைய எக்ஸ்பி பதிப்பில் ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ என்று இருந்த கோப்புறையை விஸ்டா ‘யூசர்ஸ்’ என்று மாற்றியபோது, அத்தகைய நிரல்கள் தடுமாறாமல் இருக்கப் பழைய பெயரில் ஒரு மாற்றுவழியையும் மறைவாக வைக்க வேண்டியிருந்தது. மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால், இன்றைய கணினியிலும் சி டிரைவின் மேல்தளத்தில் அந்தப் பழைய பெயர் மங்கலாகத் தெரியும். பெயரை மாற்றுவது எளிது. அதை நம்பியிருந்தவர்களை எல்லாம் கூடவே அழைத்துப்போவதுதான் கடினம் என்பதை மைக்ரோசாஃப்ட் அப்போது நன்றாகவே அறிந்திருந்தது.

‘இல்லை’ என்ற பொத்தான்

டாக்குமென்ட்ஸை வேறிடத்துக்கு மாற்ற ஒருவர் ஏன் விரும்புகிறார்? நம் ஊரில் இதற்கு நீண்ட பழக்கம் உண்டு. கடையில் பாகங்களைச் சேர்த்துக் கட்டித் தரும் கணினியில் வன்தட்டை சி, டி, இ என்று பிரித்துக் கொடுப்பார்கள். ‘சியில் எதையும் வைக்காதீர்கள், விண்டோஸை மறுபடி போட்டால் போய்விடும், எல்லாவற்றையும் டியில் வையுங்கள்’ என்ற அறிவுரையும் கூடவே வரும். பிறகு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு வட்டு வந்தது. விலை அதிகம் என்பதால் சிறியதாக ஒன்றை வாங்கி அதில் விண்டோஸைப் போட்டு, பெரிய பழைய வன்தட்டை டியாக வைத்துக்கொண்டார்கள். சி நிறைந்துபோகும்போது டாக்குமென்ட்ஸை டிக்கு மாற்றுவதுதான் இயல்பான தீர்வு. உலகம் முழுக்கவே அப்படித்தான்; மைக்ரோசாஃப்ட் தன் அறிக்கையில் தந்த முதல் எடுத்துக்காட்டும் சி நிறைந்து டி வாங்கிய ஒரு பயனரைப் பற்றியதுதான்.

மாற்றும் வழியைச் சற்று அருகில் இருந்து பார்ப்போம். டாக்குமென்ட்ஸின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸைத் திறந்து, லொகேஷன் என்ற பகுதிக்குப் போக வேண்டும். அங்கே இப்போதைய முகவரி ஒரு கட்டத்தில் இருக்கும். கீழே மூன்று பொத்தான்கள். ‘மூவ்’ என்பதைச் சொடுக்கிப் புதிய கோப்புறையைக் காட்டி, ‘அப்ளை’ கொடுத்தால் ஒரு சிறு பெட்டி எழும். பழைய இடத்தில் உள்ள கோப்புகளை எல்லாம் புதிய இடத்துக்கு நகர்த்த வேண்டுமா என்று அது கேட்கும். பழைய முகவரி, புதிய முகவரி இரண்டையும் காட்டும். நகர்த்துவதே நல்லது என்ற பரிந்துரையும் இருக்கும். ‘ஆம்’, ‘இல்லை’, ‘ரத்து’.

இந்தப் பெட்டியில் ‘இல்லை’ என்று சொல்வது தவறே அல்ல. அதற்கு நியாயமான காரணங்கள் எத்தனையோ. கோப்புகளை ஏற்கெனவே கையால் நகலெடுத்து வைத்திருக்கலாம். பழையவை பழைய இடத்திலேயே இருக்கட்டும், இனி எழுதுபவை மட்டும் டிக்குப் போகட்டும் என்று நினைத்திருக்கலாம். பல ஜிகாபைட் நகர்வதற்குள் மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சமும் ஒரு காரணம்தான். ‘இல்லை’ என்றால் என்ன ஆகும்? பெயர்ப்பலகையைக் கழற்றிப் புது வீட்டு வாசலில் மாட்டிவிட்டு, சாமான்களைப் பழைய வீட்டிலேயே பூட்டிவைத்து வந்த நிலைதான். எதுவும் தொலையவில்லை. பழைய முகவரிக்குப் போனால் எல்லாம் இருக்கும். விண்டோஸ் தானே முன்வைத்த மூன்று விடைகளில் ஒன்று அது. அதைத் தேர்ந்தெடுத்தவரிடம் குற்றம் காண ஒன்றுமில்லை.

‘ஆம்’ என்று சொன்னாலும் எல்லாம் நகர்ந்துவிடும் என்பதற்கு உறுதி கிடையாது. விண்டோஸில் பல நிரல்கள் ஒரு கோப்பின் முழு முகவரி 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்ற பழைய வரம்பை இன்னும் பின்பற்றுகின்றன. புதிய முகவரி பழையதைவிட நீளமாக இருந்தால், ஆழத்தில் கிடக்கும் சில கோப்புகள் அந்த வரம்பைத் தாண்டி, நகராமல் நின்றுவிடும். ‘ஸ்கிப்’ என்று சொல்லித் தொடர்ந்தால் அவை பழைய கோப்புறையிலேயே தங்கும். தமிழில் பெயர் வைப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து, ஒருங்குறி (யூனிகோட்) கணக்கில் ஐந்து. மெய்ப்புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால், தமிழ்ப் பெயர்கள் அந்த 260ஐ விரைவில் எட்டிவிடும்.

ஆக, பயனர் அறிந்தோ அறியாமலோ, பழைய கோப்புறையில் கோப்புகள் மிஞ்சியிருப்பதற்கான வாய்ப்புகள் பல. மைக்ரோசாஃப்ட் அறிக்கை மூன்றைக் குறிப்பிட்டது. முதலாவது, வேறு டிரைவுக்குப் பெயரை மாற்றிவிட்டுக் கோப்புகளைப் பழைய இடத்திலேயே விட்டவர்கள். இரண்டாவது, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்புச் சேவையான ஒன்டிரைவில் உள்ள கோப்புறைக்கு மாற்றி, நகர்த்தவா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்றவர்கள். மூன்றாவது வகையினர்தான் மனத்தை உறுத்துகிறவர்கள். ஒன்டிரைவின் முந்தைய பதிப்பு ஒன்றில் ‘தானாகச் சேமி’ என்ற வசதி இருந்தது. அதை இயக்கினால் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றின் முகவரி ஒன்டிரைவுக்கு மாறிவிடும். ஆனால் ஏற்கெனவே இருந்த கோப்புகளை அது நகர்த்தாது. இந்த மனிதர்களிடம் எந்தப் பெட்டியும் எதையும் கேட்கவில்லை. கோப்புகளைப் பாதுகாக்கத் தரப்பட்ட ஒரு வசதியை நம்பி இயக்கினார்கள், அவ்வளவுதான்.

துப்புரவு

2018 ஏப்ரல் 30ஆம் தேதி வெளிவந்த முந்தைய பதிப்பு 1803. அதை நிறுவியவர்களில், கோப்புறைகளை இப்படி மாற்றி வைத்திருந்த சிலர் ஒரு குறை சொன்னார்கள்: டிக்கு மாற்றிய டாக்குமென்ட்ஸ் ஒருபக்கம் இருக்க, பழைய இடத்தில் காலியான இன்னொரு டாக்குமென்ட்ஸ் முளைத்திருக்கிறது. இரண்டில் எது உண்மையானது என்று குழப்பம். நியாயமான குறைதான். அதைத் தீர்க்க 1809இல் ஒரு சிறு நிரல்பகுதியைச் சேர்த்தார்கள். காலியாக, இரட்டிப்பாகக் கிடக்கும் அந்தக் கோப்புறைகளை அகற்றுவது அதன் வேலை. புதுப்பிப்பு நடக்கும் வரிசையிலும் வேறொரு மாற்றம் செய்யப்பட்டிருந்தது. இரண்டும் சேர்ந்தபோது, பழைய இடத்துக் கோப்புறைகள் உள்ளடக்கத்தோடு சேர்ந்து அழிந்தன. புதிய முகவரியில் இருந்தவை மட்டும் தப்பின.

இந்த இடத்தில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். காலிக் கோப்புறையை அகற்றுவதற்கென்றே தனிக் கட்டளைகள் இருக்கின்றன. டாஸ் காலம் முதல் ‘ஆர்டி’ என்ற கட்டளை உண்டு. உள்ளே ஒரே ஒரு கோப்பு இருந்தாலும் ‘கோப்புறை காலியாக இல்லை’ என்று சொல்லி அது மறுத்துவிடும். உள்ளே இருப்பதையும் சேர்த்து அழிக்க வேண்டுமானால் கூடுதலாக ஒரு குறியைக் கொடுத்து வெளிப்படையாகக் கேட்க வேண்டும். யூனிக்ஸின் ‘ஆர்எம்டிஐஆர்’ கட்டளையும் அப்படித்தான். விண்டோஸின் அடித்தளத்தில் கோப்புறையை நீக்கும் செயல்கூறும் காலியாக இருந்தால்தான் வேலை செய்யும். மறதியிலும் அவசரத்திலும் மனிதன் தவறுவான் என்று தெரிந்த முன்னோர்கள் போட்டுவைத்த பூட்டு அது. 1809இன் துப்புரவில் கோப்புகள் போயிருக்கின்றன என்றால், அந்தப் பூட்டு அந்த நேரத்தில் காவலுக்கு இல்லை என்றே பொருள். ‘இது காலியாகத்தான் இருக்கும்’ என்ற அனுமானம், ‘இது காலியாக இருக்கிறதா?’ என்ற கேள்வியின் இடத்தை எடுத்துக்கொண்டது.

பெயர் டிக்குப் போய்விட்டதால் கோப்புகளும் டிக்குப் போயிருக்கும் என்பதே அந்த அனுமானத்தின் வேர். ‘இல்லை’ என்ற பொத்தானை வைத்த அதே இயங்குதளம், அதை அழுத்தியவர்களும் இருப்பார்கள் என்பதை மறந்துவிட்டது. பெரிய மென்பொருளில் பொத்தானை எழுதியவர்கள் ஒரு குழு, துப்புரவை எழுதியவர்கள் இன்னொரு குழு, ஒன்டிரைவை எழுதியவர்கள் மூன்றாவது குழுவாக இருப்பது வழக்கம். இவர்களுக்குப் பொதுவாக இருந்த ஒரே சாட்சி வட்டில் கிடந்த கோப்புகள்தான். அவற்றிடம் யாரும் கேட்கவில்லை.

காலிக் கோப்புறை ஒன்று கிடந்தால் என்ன நட்டம்? கண்ணை உறுத்தும். இடம் என்று சொல்லும்படி எதையும் அடைக்காது. தவறாக அழித்தால் வரும் நட்டமோ திரும்பாதது. இரண்டையும் தட்டில் வைத்துப் பார்த்திருந்தால், அகற்றுவதற்குப் பதிலாக மறைத்து வைத்திருக்கலாம், அல்லது பயனரிடமே கேட்டிருக்கலாம்.

முன்பே சொன்னவர்கள்

1809 வெளிவருவதற்கு முன் பல மாதங்கள், இன்சைடர் திட்டத்தில் சேர்ந்திருந்த தன்னார்வலர்கள் அதன் முன்னோட்டப் பதிப்புகளைத் தம் கணினிகளில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2014இல் தொடங்கிய திட்டம் அது. குறைகளைச் சொல்ல ஃபீட்பேக் ஹப் என்ற செயலி இருக்கிறது. புதுப்பித்தபின் கோப்புகள் அழிந்துவிட்டன என்று அங்கே சிலர் முன்பே எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தச் செயலியில் ஒரு குறையை மேலே தூக்குவது மற்றவர்கள் போடும் வாக்கு. பலருக்கும் எரிச்சலூட்டும் சிறு குறைக்கு வாக்கு குவியும். வெகு சிலருக்கு மட்டும் நேரும் பேரிழப்புக்கு வெகு சில வாக்குகளே விழும். அது அடியிலேயே கிடக்கும். காலிக் கோப்புறை உறுத்துகிறது என்ற புகார் மேலே போய்த் தீர்வு பெற்றது. அந்தத் தீர்வால் கோப்புகள் அழிகின்றன என்ற புகார் மேலே போகவில்லை. பொது வெளியீட்டுக்கு முந்தைய கடைசிக் கட்டமான ‘ரிலீஸ் ப்ரிவியூ’ வட்டத்தையும் இந்தப் பதிப்பு கடக்காமலே வெளியே வந்தது.

அக்டோபர் 9 அறிக்கையோடு சேர்த்தே, குறை எவ்வளவு கடுமையானது என்பதையும் பயனர் குறிக்கும் வகையில் ஃபீட்பேக் ஹப் மாற்றப்பட்டது. செய்ய வேண்டிய மாற்றம் அது.

கோப்பு இழப்பைத் தெரிவித்தவர்கள் 1809ஐ நிறுவியவர்களில் 0.01 சதவீதம்தான் என்று அந்த அறிக்கை கூறியது. அதாவது பத்தாயிரத்தில் ஒருவர். எண்ணாகப் பார்த்தால் சிறியது. ஆனால் அந்தப் பத்தாயிரத்தில் ஒருவர் யார்? வாங்கிய கணினியை அப்படியே பயன்படுத்தி, எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் கொட்டிவைத்தவருக்கு எதுவும் ஆகவில்லை. தன் கோப்புகள் எங்கே இருக்க வேண்டும் என்று யோசித்து, இடம் பிரித்து, மாற்றி அடுக்கியவருக்குத்தான் அடி விழுந்தது. சராசரியில் சிறியதாகத் தெரியும் ஆபத்து, அக்கறையோடு கோப்புகளை ஒழுங்கு செய்தவர்கள் பக்கமே முழுவதும் சாய்ந்திருந்தது. இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

திரும்பக் கிடைத்ததா?

பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொல்லப்பட்ட முதல் அறிவுரை, அந்தக் கணினியை முடிந்தவரை பயன்படுத்தாதீர்கள் என்பது. காரணம் எளிது. கோப்பை அழிக்கும்போது அதன் உள்ளடக்கம் அப்போதே துடைக்கப்படுவதில்லை. அது இருந்த இடம் இனி பிறருக்குக் கொடுக்கத்தக்கது என்று குறிக்கப்படுகிறது. புதிதாக எதையாவது எழுதும்வரை பழைய தரவு அங்கேயே கிடக்கும். மீட்பு மென்பொருள்கள் அதைத்தான் தேடி எடுக்கின்றன. எனவே உலாவியைத் திறப்பதுகூட ஆபத்து, ஏனெனில் உலாவி பின்னணியில் ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்டியில் நிலைமை இன்னும் மோசம். அழிக்கப்பட்ட இடங்கள் எவை என்பதை ட்ரிம் என்ற கட்டளை மூலம் இயங்குதளம் வட்டுக்குச் சொல்லிவிடும். வட்டு தன் போக்கில் அவற்றைக் காலி செய்துவிடும். பிறகு தேடினாலும் எதுவும் அகப்படாது.

மைக்ரோசாஃப்ட் தொலைபேசி வழியாகவும் தன் விற்பனையகங்களிலும் இலவசமாக உதவ முன்வந்தது. மீட்பின் விளைவுக்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னது.

முந்தைய பதிப்புக்குத் திரும்பினால் கோப்புகளும் திரும்பும் என்று பலர் நம்பினார்கள். விண்டோஸ் 10 புதுப்பித்தபின் பத்து நாள்வரை பழைய பதிப்புக்குத் திரும்ப வழி உண்டு. அது இயங்குதளத்தின் கோப்புகளுக்கான ஏற்பாடு. நம் ஆவணங்களை அது தொடாமல் விட்டுவைக்கும். தொடாமல் விடுவது, அழிந்ததைத் திரும்பக் கொண்டுவருவது ஆகாது. வேறு வட்டில் நகல் வைத்திருந்தவர்கள் மட்டும் கவலையின்றி இருந்தார்கள்.

இன்றைக்கு நம் கணினியில்

அந்தக் குறிப்பிட்ட பிழை 2018லேயே திருத்தப்பட்டுவிட்டது. அதற்கு அடியில் இருந்த பெயர்–இடம் குழப்பம் இப்போது கூடியிருக்கிறது. புதிய மடிக்கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழையும்போதே, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவ் காப்புக்குள் கொண்டுபோகும் ஏற்பாடு இயங்கிவிடுவது உண்டு. அப்போது டாக்குமென்ட்ஸின் உண்மையான முகவரி ‘சி:\யூசர்ஸ்\பயனர்பெயர்\ஒன்டிரைவ்\டாக்குமென்ட்ஸ்’ ஆகிவிடும். திரையில் வேறுபாடு எதுவும் பெரிதாகத் தெரியாது. இலவசமாகக் கிடைப்பது 5 ஜிகாபைட் மட்டும் என்பதால் சில வாரங்களில் இடம் நிறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை வரும். எரிச்சலில் அந்தக் காப்பை நிறுத்துவார்கள். நிறுத்தியதும் டெஸ்க்டாப் வெறிச்சோடிவிடுவது உண்டு. கோப்புகள் எங்கே என்று சொல்லும் குறுக்குவழி ஒன்று மட்டும் நிற்கும். ‘எல்லாம் போய்விட்டது’ என்று பதறி வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். எதுவும் போகவில்லை. கோப்புகள் ஒன்டிரைவ் கோப்புறையிலேயே இருக்கின்றன. பெயர் மட்டும் பழைய முகவரிக்குத் திரும்பியிருக்கிறது. பதற்றத்தில் ஒன்டிரைவ் கோப்புறையை ‘இது தேவையில்லை’ என்று அழித்துவிட்டால்தான் உண்மையான இழப்பு தொடங்குகிறது. அதற்கும் கடைசி வாய்ப்பாக, ஒன்டிரைவ் இணையதளத்தின் குப்பைத்தொட்டியில் தனிநபர் கணக்குகளுக்கு 30 நாள் தங்கும்.

எனவே பெரிய புதுப்பிப்பு எதையும் நிறுவும் முன், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் ஒவ்வொன்றின் ப்ராபர்ட்டீஸையும் திறந்து லொகேஷன் கட்டத்தில் உள்ள முகவரியைப் பாருங்கள். அது எங்கே சுட்டினாலும், ‘சி:\யூசர்ஸ்’ என்பதற்குள் உங்கள் பெயருள்ள கோப்புறைக்கு நேராகப் போய், அங்கே அதே பெயரில் இன்னொன்று கிடக்கிறதா என்றும் பாருங்கள். மறைந்த கோப்புகளையும் காட்டும்படி அமைத்துக்கொள்வது நல்லது. கோப்புறைகளின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்: ‘டெஸ்க்டாப்.ஐஎன்ஐ’ என்ற சிறு மறைகோப்பு உள்ளே இருந்தால், வட்டில் வேறு பெயரில் உள்ள கோப்புறையைக்கூட எக்ஸ்புளோரர் ‘டாக்குமென்ட்ஸ்’ என்று காட்டக்கூடும். மேலே உள்ள முகவரிப் பட்டையில் ஒருமுறை சொடுக்கினால் உண்மையான முகவரி எழுத்தாக விரியும்; அதுதான் நம்பத்தக்கது.

கோப்புறையை இடம் மாற்றப் போகிறவர்கள் இரண்டு பொறிகளைத் தவிர்க்க வேண்டும். டாக்குமென்ட்ஸுக்கு இலக்காக ‘டி:\’ என்று டிரைவையே காட்டிவிடுவது முதலாவது. அப்படிச் செய்தால் டி முழுவதுமே டாக்குமென்ட்ஸ் ஆகிவிடும். அதை மறுபடி பிரித்தெடுப்பது பெரும்பாடு. முதலில் டிக்குள் ஒரு தனிக் கோப்புறையை உருவாக்கி, அதைக் காட்ட வேண்டும். டாக்குமென்ட்ஸையும் பிக்சர்ஸையும் ஒரே கோப்புறைக்குக் காட்டுவது இரண்டாவது. இரண்டும் கலந்து ஒன்றாகிவிடும், பிறகு ஒன்றைத் தனியே நகர்த்த முனைந்தால் மற்றதும் கூடவே இழுபடும்.

ஒரே பெயரில் இரண்டு இடங்களில் கோப்புகள் இருப்பது தெரியவந்தால், வெட்டி ஒட்ட வேண்டாம். நகலெடுங்கள். டி டிரைவுக்கு நகலெடுத்தால் போதாது, பிரித்துக் கழற்றி வைக்கக்கூடிய வெளி வன்தட்டு ஒன்றுக்கும் எடுத்துவிடுங்கள். சியும் டியும் பல கணினிகளில் ஒரே வட்டின் இரு பகுதிகள்தான். நகல் முடிந்ததும் இரண்டு இடத்திலும் ப்ராபர்ட்டீஸைத் திறந்து கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் நீளமான முகவரியால் விடுபட்ட கோப்புகளாக இருக்கும். நடுவில் உள்ள கோப்புறைகளின் பெயரைச் சுருக்கிவிட்டு மறுபடி முயன்றால் வந்துவிடும்.

அதன்பிறகும் பழைய கோப்புறையை உடனே அழிக்காமல், அதன் பெயரை ‘டாக்குமென்ட்ஸ்-பழையது’ என்று மாற்றிச் சில வாரங்கள் விட்டுவையுங்கள். அந்தச் சில வாரங்களில் பழைய இடத்தில் டாக்குமென்ட்ஸ் என்று மறுபடியும் ஒரு கோப்புறை முளைத்தால், விண்டோஸிடம் கேட்காமல் முகவரியைத் தனக்குள் எழுதிவைத்த நிரல் ஏதோ ஒன்று உங்கள் கணினியில் இருக்கிறது. புதிதாக முளைத்ததைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அந்த நிரலின் பெயரிலேயே உள்ளே ஒரு துணைக் கோப்புறை இருக்கும். அந்த நிரலின் அமைப்புகளில் சேமிக்கும் இடத்தைப் புதிய முகவரிக்கு மாற்றிய பிறகு, பழையதை அழிக்கலாம்.